கடலில் நின்ற துளை

14 நவம்பர் 2014

பையைக் கட்டியாகிவிட்டது. நாளைக் காலை சிரம்பானுக்கு, அங்கிருந்து விமான நிலையம், மாலைக்குள் மீரி.

ஆசைப்பட்ட வேலை கிடைத்துவிட்டது! இதுவரை என்னை அனுப்பியதெல்லாம் ஏற்கெனவே எண்ணெய் ஓடுகிற இடத்துக்குத்தான். இருக்கிற கிணறுகளுக்கு நடுவில் இன்னொன்று போடுவார்கள், அடியில் என்ன வரும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். இது புதுத் துளை. கடலில் அந்த இடத்தில் இதுவரை யாரும் முனை இறக்கியதில்லை. துளைமுனை கடிக்கிற கல்லை, உள்ளே செலுத்துகிற சேறு மேலே கொண்டுவரும். அதைக் கழுவி, உலர்த்தி, நுண்நோக்கியில் பார்த்து, இது என்ன பாறை, இதில் எண்ணெய் வாசம் உண்டா என்று சொல்வது என் வேலை. அப்படியென்றால் அந்தக் கல்லை உலகத்தில் முதலில் பார்க்கப்போகிறவள் பெடாஸ் தோட்டத்துப் புனிதா. இதைவிட என்ன வேண்டும்?

அம்மா எல்லாரிடமும் "எண்ணெய்க் கம்பெனியில மண் பரிசோதிக்கிற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். மண்ணா, கல்லா என்று நான் திருத்துவதில்லை.

அப்பாவுக்குத்தான் ஆயிரம் கேள்வி. தோட்டத்து டிராக்டரை இருபது வருஷமாக ஓட்டுகிறவர்; எஞ்சின் உள்ள எதையும் விடமாட்டார்.

"அம்மாடி, அவ்ளோ ஆழத்துல குழாய் வளையாதா?"

"வளையும்ப்பா. வேணும்னேகூட வளைப்பாங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

செய்தியில் கச்சா எண்ணெய் எழுபத்தொன்பது டாலர். ஜூனில் நூற்றுப் பதினைந்து இருந்தது. "எறங்கட்டும் லா, மோட்டாருக்கு எண்ண மலிவா கெடைக்கும்" என்றார் அப்பா. எனக்கு ஏனோ உடனே சிரிக்க முடியவில்லை.

18 நவம்பர்

ஹெலிகாப்டர் இறங்கும்போது துளையிடுகிற ரிக் ஒரு மேசை மாதிரி தெரிந்தது. மூன்று கால், நடுவில் கோபுரம், சுற்றிலும் ஒன்றுமே இல்லாத நீலம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிற மேசை! அதில் பெண்கள் நானும் ஒரு சீனத் தோழியும் மட்டும்.

துளை ஏற்கெனவே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்கியிருக்கிறது. இலக்கு மூவாயிரத்து நானூறு. அங்கே ஒரு மணற்பாறை இருக்க வேண்டும் என்று கணக்கு.

தளத்தில் துளையிடுகிறவர் தமிழர்! சத்தியசீலன். பகாவ்க்காரர், ஐம்பது வயதிருக்கும். நானும் அதே நெகிரி செம்பிலான் மாநிலம் என்று தெரிந்ததும், "பெடாஸா? அடப்பாவி, நம்ம பக்கத்துப் புள்ள" என்று தன் பங்கு நெத்திலிச் சம்பலில் பாதியை என் தட்டில் வைத்தார்.

28 நவம்பர்

சாப்பாட்டுக் கூடத்தில் இன்று யாரும் தொலைக்காட்சியில் கால்பந்து கேட்கவில்லை. எண்ணெய் நாடுகள் கூடிப் பேசியிருக்கின்றன. உற்பத்தியைக் குறைக்கப் போவதில்லையாம். விலை எழுபதுக்கு வந்துவிட்டது. நேற்று ஒரே நாளில் அப்படியே சரிந்தது.

எனக்குப் புரியாத ஒன்றைச் சத்தியசீலன் அண்ணனிடம் கேட்டேன். விலை இறங்கினால் எண்ணெய் எடுப்பதைத்தானே முதலில் நிறுத்த வேண்டும்? நாம் இன்னும் எதையும் எடுக்கவே இல்லையே.

"அதான் இல்ல. ஓடுற கெணத்துக்குச் செலவெல்லாம் முன்னாடியே செஞ்சாச்சு. குழாய் போட்டாச்சு, பம்பு போட்டாச்சு. என்ன வெல வித்தாலும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். நிறுத்துறது தேடுற வேலையத்தான். புதுசா துளை போடுறவன்தான் மொதல்ல வீட்டுக்குப் போவான்."

"நம்மளையா?"

"நம்மளத்தான். எண்பத்தாறுல பாத்தேன், தொண்ணூத்தெட்டுல பாத்தேன், ரெண்டாயிரத்து எட்டுல பாத்தேன்." சிரித்தார். "ஒவ்வொரு தடவையும் திரும்பக் கூப்புடுவானுங்க. அதுவரைக்கும் தாக்குப் புடிக்கணும், அவ்ளோதான்."

5 டிசம்பர்

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். வாயு அளக்கும் கருவியின் கோடு திடீரென்று எழுந்து நின்றது! ஓடிப் போய்ச் சொன்னேன். வாயு பீறிடாமல் அமுக்கி வைக்கச் சேற்றின் எடையைக் கூட்டினார்கள். எல்லார் முகத்திலும் வெளிச்சம். கீழே ஏதோ இருக்கிறது. ஏதோ நிச்சயம் இருக்கிறது.

விலை அறுபத்தொன்பது. கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அழைப்பு. முன்பெல்லாம் "எப்படிப் போகிறது" என்பார்கள். இப்போது "எப்போது முடியும்".

9 டிசம்பர்

என் முறை முடிந்து ஆள் மாற வேண்டிய நாள். மாட்டேன் என்றேன். இலக்குக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு ஹெலிகாப்டர் ஏறுவதா? மாற்று ஆள் தங்கமானவன், "நீயே பாரு" என்று பத்து நாள் விட்டுக்கொடுத்தான்.

அம்மாவிடம் சொன்னால், "அந்தக் கல்லு எங்கியும் ஓடிடாது, நீ வந்து சேரு" என்கிறார்.

இந்தத் துளையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று ரிக் முழுக்கப் பேச்சு. சத்தியசீலன் அண்ணன் முனையை விரட்டுகிறார். அவர் விரட்டினால் எனக்குக் கல் வேகமாக வரும். நான் வேகமாகக் கழுவுகிறேன். சாப்பிட மறந்துவிடுகிறது.

12 டிசம்பர்



இன்று மதியம் களிப்பாறை முடிந்தது. முனை திடீரென்று வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மணற்பாறை! அந்தக் கல் மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரம் நான் சல்லடைப் பக்கம் நின்றேன், உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி நின்றேன். வந்ததும் அள்ளிக் கழுவி, இருட்டுப் பெட்டியில் வைத்துப் புறஊதா விளக்கைப் போட்டேன்.

பொன் மாதிரி மின்னியது. ஒவ்வொரு மணல் துகளும். ஒரு துளி கரைப்பான் விட்டதும் வெள்ளையாகப் பால் ஒழுகுகிற மாதிரி ஒரு வெளிச்சம் கல்லிலிருந்து வழிந்தது. எண்ணெய். சந்தேகமே இல்லை.

கத்திவிட்டேன். சத்தியசீலன் அண்ணன் வேலையை மற்றொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முப்பது வருஷமாகத் துளை போடுகிறார். இதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது தடவையாம். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கோடிக்கணக்கான வருஷம் இருட்டில் கிடந்தது. நான் விளக்குப் போட்டுப் பார்த்தேன்.

19 டிசம்பர்

சிமெண்ட் ஊற்றி மூடுகிறார்கள்.

எண்ணெய் இருக்கிறது. எல்லா அளவும் எடுத்தாயிற்று, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நடுத்தரமான அளவாம். பீப்பாய் நூறு டாலர் விற்றால் மேடை கட்டி, குழாய் இழுத்து, லாபமும் பார்க்கலாம். அறுபதுக்கு விற்றால் கைக்காசு போகும். ஜூன் மாதம் இதே கல் வந்திருந்தால் செய்தித்தாளில் போட்டிருப்பார்கள். டிசம்பரில் வந்ததால் அடைப்பு. கல்லில் என்ன மாறியது? ஒன்றுமே இல்லையே!

அடுத்து போட வேண்டிய இரண்டு துளைகளும் ரத்து. ரிக்கை லாபுவானுக்கு இழுத்துப் போகிறார்கள்.

அழவில்லை. உண்மையாகவே அழவில்லை. ஹெலிகாப்டரில் ஏறும்போது சத்தியசீலன் அண்ணனிடம், "நாம கண்டுபிடிச்சோம்லண்ணே?" என்றேன். "கண்டுபிடிச்சோம் லா. யார் இல்லேன்னது?" என்றார்.

13 ஜனவரி 2015

நாற்பத்தேழு.

24 ஆகஸ்ட் 2015

நடுவில் மேயில் அறுபதுக்கு மேல் ஏறி ஆசை காட்டியது. ஒரு மாத வேலைக்குக் கூப்பிட்டார்கள், பழைய கிணறு ஒன்றைச் சரிபார்க்க. பிறகு மறுபடி சரிவு. இன்று நாற்பத்து மூன்று. இன்றுதான் அலுவலகத்திலிருந்து அந்த அழைப்பும் வந்தது. பேசிய பெண்ணுக்கு நல்ல குரல். "நிலைமை சரியானதும் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்." எத்தனை பேரிடம் இன்று காலையிலிருந்து இதைச் சொல்லியிருப்பாளோ பாவம்.

அம்மா நேரே அடுப்படிக்குப் போனார். மீன் குழம்பு வைத்தார். அது அவர் ஆறுதல் சொல்கிற விதம்.

3 நவம்பர் 2015

பெடாஸில் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன், ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் அறிவியல். பாறைகளின் வகை பற்றிய பாடம் வந்தபோது ஒரு மணி நேரம் தாண்டிப் பேசிவிட்டேன் போல. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தியசீலன் அண்ணன் பேசினார். நிறுத்தி வைத்த ரிக்கில் காவலுக்கு எட்டுப் பேரை மட்டும் வைத்திருக்கிறார்களாம். அவர் அதில் ஒருவர். வாரம் ஒரு தடவை எல்லா எஞ்சினையும் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், துரு பிடிக்காமல் கிரீஸ் தடவ வேண்டும். "பக்கத்துல இன்னும் ஆறு ரிக் சும்மா நிக்குது. கால நட்டுக்கிட்டு, கொக்குங்க மாதிரி. பாத்தா ஒனக்கே சிரிப்பு வரும்."

சிரித்தேன்.

20 ஜனவரி 2016

இருபத்தெட்டுக்கும் கீழே! பயமாக இல்லை, வியப்பாக இருக்கிறது. இவ்வளவு கீழே போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன்.

அம்மா: "ரெம்பாவுல கிளினிக்ல ஆள் கேக்குறாங்க. ஏசி ரூம்பு. ஒக்காந்த எடத்துல வேல."

"யோசிக்கிறேம்மா" என்றேன். உட்கார்ந்த இடத்தில் வேலை — எனக்கு?

8 மார்ச் 2016

மழை பார்த்து எத்தனை நாளாயிற்று. செம்பனை ஓலைகளெல்லாம் தொங்கிவிட்டன. தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஆற்றில் இப்போது பாசிதான். பம்பு சேற்றை உறிஞ்சித் துப்புகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் லாரி வருகிறது. வராத நாளும் உண்டு.

அப்பா இன்று ஆபீசிலிருந்து முகம் தொங்கி வந்தார். மழை வரும்வரை தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளைக் காலி செய்து, எல்லாரையும் வேறு தோட்டத்துக் குடியிருப்புக்கு அனுப்பலாமா என்று பேச்சாம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாராம் மேனேஜர். கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் எந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்? வீட்டைப் பூட்டினால் பிறகு கூரையைப் பிரிப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் மேனேஜர் நல்ல மனுஷன். அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அம்பாங்கானிலிருந்து ஆள் வருகிறது.

துளை போடுகிறவர்கள்! நம் தோட்டத்துக்கு!

11 மார்ச்

காலையிலேயே போய் நின்றுவிட்டேன். ஒரு லாரி முதுகில் மடக்கி வைத்த சின்ன கோபுரம், பின்னால் இன்னொரு லாரியில் கம்ப்ரஸர். என் ரிக்கின் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, மடச்சி.

கணவன் மனைவி நடத்துகிற தொழில். இயந்திரத்தை ஓட்டுகிறவர் முஹம்மது ஃபாரூக். நாளுக்குப் பத்து வார்த்தை பேசுவார் போல. மற்ற எல்லாப் பேச்சும் மெஹர்பானு அக்கா. லாரி ஓட்டுவது, மேனேஜரிடம் பேசுவது, வேலையாட்களை அதட்டுவது எல்லாம் அவர்தான். தலையில் முக்காடு, அதன்மேல் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ்.

கடலில் சேறு கல்லை மேலே கொண்டுவரும். இங்கே காற்று. முனை கருங்கல்லைக் குத்திக் குத்தி உடைக்க, கம்ப்ரஸர் காற்று பொடியை ஊதி வெளியே தள்ளுகிறது. சத்தம் காதைக் கிழிக்கிறது. எனக்குச் சங்கீதம்.

பொறுக்க முடியாமல் ஒரு கை பொடியை அள்ளி, கொஞ்சம் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன்.

"தங்கச்சி," என்றார் மெஹர்பானு அக்கா, "தண்ணியில்லாத ஊர்ல கல்லக் கழுவுற. சோறாக்கப் போறியா?"

வேலையைச் சொன்னேன். மூவாயிரத்து நானூறு மீட்டர் துளையில் இருந்தவள் என்று தெரிந்ததும் கணவரைக் கூப்பிட்டுக் கத்தினார்: "கேட்டீங்களா? இந்தப் புள்ள கடல்ல தோண்டுனவ!" ஃபாரூக் அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைய பத்து வார்த்தையில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.

முதல் துளை நூறு மீட்டர். பொட்டுத் தண்ணீர் இல்லை.

14 மார்ச்

என்னிடம் கேட்டார்கள்! இரண்டாவது துளை. அறுபது மீட்டரில் பொடி கொஞ்சம் ஈரமாக வந்தது. "இன்னும் கீழே போங்க, கண்டிப்பா வரும்" என்றேன். போனார்கள். நூற்றிருபதுவரை போனார்கள். தூசிதான். வெள்ளை வெளேரென்று தூசி. எல்லார் தலையும் கிழவர் தலையாகிவிட்டது.

தோட்டத்து ஜனமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே முகத்தை வைப்பது?

ஃபாரூக் அண்ணன்தான் சொன்னார். "கடல் வேற. அங்க பாறை அடுக்கடுக்கா இருக்கும், ஈரம் அடுக்கோட போவும். இது ஒரே கல்லு. வெடிப்புல மட்டும்தான் தண்ணி. வெடிப்பத் தேடணும்." எனக்காக இரண்டு நாள் வார்த்தையைச் செலவழித்துவிட்டார்.

சரி. வெடிப்பு. வெடிப்பில் தண்ணீர் ஓடினால் இரும்பு துருப்பிடிக்கும். அப்படியானால் அதைத் தொட்ட கல் பழுப்பாக இருக்க வேண்டும் அல்லவா? வெள்ளைப் பொடியில் பழுப்பைத் தேட வேண்டும். இதைத் தேட எனக்குத் தெரியும்!

15 மார்ச்

மேனேஜர் ஒரு துளைக்குத்தான் இனிச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். அதுவும் நூறு மீட்டர். அதற்குமேல் போனால் தோட்டத்தின் பொறுப்பில்லை.

ஃபாரூக் அண்ணன் காலையிலிருந்து ஓடைப் பள்ளத்தோடு நடந்தார். இரண்டு மேடும் கோணலாக வந்து சேர்கிற ஓர் இடத்தில் குதிகாலால் மிதித்து அடையாளம் வைத்தார். "இங்க."

ஏன் என்று கேட்டதற்கு, "பள்ளம் சும்மா விழாது" என்றார்.

அப்பா வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுகிறார். கம்ப்ரஸரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒரு குழாய் இணைப்பில் காற்றுக் கசிகிறது என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

17 மார்ச்

எழுதியே ஆக வேண்டும், ஒன்று விடாமல்.

எண்பது மீட்டர்வரை வெள்ளைப் பொடி. எண்பத்தைந்தில் ஒரு கை அள்ளிக் கழுவினேன். நாலைந்து பழுப்புச் சில்லு. தொண்ணூறில் பாதிக்குப் பாதி பழுப்பு. நடுவில் பளபளவென்று வெள்ளைப் படிகம், வெடிப்பில் வளர்கிற கல். ஆனால் தண்ணீர் இல்லை. நூறு. இயந்திரம் நின்றது.

திடீரென்று அவ்வளவு அமைதி. மேனேஜர் கையை விரித்தார்.

நான் சில்லை எடுத்துக்கொண்டு மெஹர்பானு அக்காவிடம் ஓடினேன். "அக்கா, பாருங்க. தண்ணி இதத் தொட்டிருக்கு. நாம வெடிப்போட ஓரத்துல இருக்கோம். இன்னும் கொஞ்சம்."

"அன்னிக்கும் இதான் சொன்ன."

"அன்னிக்கு ஈரத்தப் பாத்துச் சொன்னேன். இன்னிக்குக் கல்லப் பாத்துச் சொல்றேன்."

அவர் சில்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு கணவரை. ஃபாரூக் அண்ணன் என் உள்ளங்கையிலிருந்து ஒரு சில்லை எடுத்து, நகத்தால் சுரண்டி, "போலாம்" என்றார்.

மெஹர்பானு அக்கா மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். "டீசல் என்னோடது சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா நூத்தியொண்ணாவது மீட்டர்ல லாரிய எடுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப டீசல் விக்கிற வெலைக்கு ஓட்டிப் பாக்கலாம் லா!"

அப்படியே நின்றுவிட்டேன். எந்த விலை கடலில் என் துளையை மூடியதோ, அதே விலைதான் இந்தத் துளையை மேலும் இறங்க விடுகிறது. அங்கே எண்ணெய் மலிந்து வேலை நின்றது. இங்கே எண்ணெய் மலிந்து வேலை நடக்கிறது. யோசிக்க நேரமில்லை. கம்ப்ரஸர் உறுமத் தொடங்கிவிட்டது.

நூற்றுப் பத்து. சில்லெல்லாம் பழுப்பு.

நூற்றுப் பதினெட்டைத் தாண்டியதும் முனை ஒரு சாண் அப்படியே கீழே விழுந்தது. ஃபாரூக் அண்ணன் நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். தூசி நின்றது. ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு முனகல் — பூமி தொண்டையைச் செருமுகிற மாதிரி — அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர்! கோபுரத்தின் பாதி உயரத்துக்கு! எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

முதலில் ஓடிப் போய்க் கையை நீட்டியவர் அப்பா. நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"அம்மாடி, சுடுது!"

"என்னாப்பா?"

"சுடுதண்ணி வருது, புள்ள! சுடுதண்ணி!"

உண்மைதான். வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் அதிகம். லேசாக அவித்த முட்டை வாசம். எல்லாரும் முண்டியடித்துக் கையை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "பெடாஸ் வெந்நீர் ஊத்துல குளிக்க டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ள போறானுங்க, நமக்கு வீட்டு வாசல்ல!" என்றார். அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது. அம்மா சேலையோடு தண்ணீருக்கடியில் நின்றார். என் அம்மா! மேனேஜர் சட்டையெல்லாம் சேறு. மெஹர்பானு அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

ஃபாரூக் அண்ணன் மட்டும் இயந்திரத்தை விட்டு இறங்கவில்லை. தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறொரு தளத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றியது ஞாபகம் வந்தது.

2 ஏப்ரல்

சோதனை முடிவு வந்தது. குடிக்க வேண்டாம், ஆறவைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். இரண்டு தொட்டி கட்டுகிறார்கள், ஒன்றில் ஆறி மற்றதுக்கு ஓடும். குடிக்க மட்டும் லாரி. வீடு காலி செய்கிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

சாயங்காலமானால் சூட்டுத் தொட்டிப் பக்கம் மூட்டு வலிக்காரர்கள் கூட்டம். அம்மாதான் வரிசையை ஒழுங்குபடுத்துகிறார்.

18 ஏப்ரல்

மெஹர்பானு அக்கா கூப்பிட்டார். எல்லா மாவட்டத்திலிருந்தும் அழைப்பாம், தண்ணீர்ப் பஞ்சம். "கல்லு பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். வர்றியா?"

கிளினிக் வேலைக்கு அம்மா தேதியே சொல்லி வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னார்: "போ. அன்னிக்குக் கத்துன பாரு, அந்தச் சத்தம் ஏசி ரூம்புல வராது."

27 ஆகஸ்ட் 2016

கோலா கிளாவாங். மேட்டில் ஒரு ஆட்டுப் பண்ணை. முதல் துளையே நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். இந்தப் பக்கத்துக் கருங்கல் எனக்கு இப்போது முகம் பார்த்த ஆள் மாதிரி.

தவறாகச் சொன்னதும் உண்டு. கணக்கு வைக்கவில்லை, ஃபாரூக் அண்ணன் வைத்திருப்பார்.

10 பிப்ரவரி 2017

தோட்டம் டிராக்டர் வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டது. அப்பா இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் கிளம்பும்போது பூட்ஸ் போட்டு லாரிப் பக்கம் நின்றார்.

"எங்கப்பா?"

"ஃபாரூக் தம்பி கூப்புட்டுச்சு. கம்ப்ரஸருக்கு ஆள் வேணுமாம்."

ஃபாரூக் அண்ணன் கூப்பிட்டாரா? வாயைத் திறந்தா? இருவரும் என்னிடம் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

6 நவம்பர் 2017

அறுபத்து நான்கு! இரண்டு வருஷத்தில் இதுதான் உச்சம்.

மாலையே சத்தியசீலன் அண்ணன் அழைப்பு. பின்னணியில் சுத்தியல் சத்தம். "துருவத் தட்டிக்கிட்டு இருக்கோம் லா! பெயிண்ட் அடிக்கிறோம்! அடுத்த வருஷம் ரிக்கு வெளிய போவுது. பழைய ஆளுங்க பாதிப் பேர் வேற வேலைக்குப் போயிட்டாங்க, ஆளே கெடைக்கல. ஒம்பேரக் குடுத்திருக்கேன்."

"நான் வரேன்னு சொன்னேனாண்ணே?"

"வரமாட்டியா?"

போனைக் காதில் வைத்தபடியே பழைய பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

12 ஜனவரி 2018

மெஹர்பானு அக்காவிடம் சொல்ல இரண்டு மாதம் தள்ளிவிட்டேன். இன்று சொன்னேன். டீயை வைத்துவிட்டு, "எண்ண வெல ஏறுனப்பவே தெரியும் லா. டீசலும் ஏறுது, நீயும் போற. எனக்கு ரெண்டு பக்கமும் அடி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "அப்பாவ விட்டுட்டுப் போ. அவரையும் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் கேக்காத" என்றார்.

மறுபடி விலை விழலாம். விழும். விழுந்தால் முதலில் வீட்டுக்கு வருகிறவள் நான்தான், தெரியும். அப்போதும் தோண்ட ஏதாவது இருக்கும்.

21 மே 2018

மீரிக்கு வடக்கே, ஐம்பது மைல். புதுத் துளை. காலையில் வேலை தொடங்கும்போது கடல் வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தது. விலை எழுபத்தொன்பது என்று யாரோ சொன்னார்கள். கூடத்தில் எல்லாரும் கால்பந்து பார்த்தார்கள்.

இன்னும் களிப்பாறைதான். சாம்பல் நிறம். பார்த்துப் பார்த்து அலுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அப்பா கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரஸர் சத்தம், அதற்கும் பின்னால் மெஹர்பானு அக்கா யாரையோ அதட்டுகிற சத்தம். இப்போது நெம்புகோலே அப்பா கையில்தானாம்.

"எத்தன ஆழம் போயிருக்கீங்க?" என்று கத்தினார்.

"மூவாயிரத்து எரநூறு மீட்டர்ப்பா."

"நான் அறுபதுதான்."

"சரிப்பா."

"ஆனா எனக்குத் தண்ணி வந்துருச்சு புள்ள. ஒனக்கு?"

"இன்னும் இல்லப்பா."

"வரும், வரும். நிறுத்தாம போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு வேலை இருக்கிறது.